பூட்டுக்காரர் வீட்டுத் திருட்டு

பூட்டுக்காரர் வீட்டில் காணாமல் போனது டிவி. ஆகவே அந்தத் திருட்டுச் செய்தியைப் பார்க்க அவர் அடுத்த வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், "வாங்க, வாங்க! உங்க வீடுதான் ஓடிக்கிட்டிருக்கு" என்று கல்யாணத்துக்கு வந்தவரைப் போல வரவேற்று நடு சோபாவில் உட்கார வைத்தார்.

திரையில் பூட்டுக்காரரின் வாசல் தெரிந்தது. தினமும் நுழைந்து புறப்படுகிற வாசல்தான். ஆனால் அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் திடும் திடும் என்று எதையோ இடித்து, திரும்பத் திரும்பப் பெரிதாக்கிக் காட்டியதில், அந்த வீட்டில் குடியிருக்க அவருக்கே பயமாகிவிட்டது. கீழே எழுத்து ஓடியது: 'பூட்டுக்காரர் வீட்டிலேயே கைவரிசை! மக்களுக்கு என்ன பாதுகாப்பு?'

அன்று காலை நடந்தது இவ்வளவுதான். பூட்டுக்காரரின் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்ப்பவள். எந்தப் பேருந்து, எந்த நடைமேடை, கிளம்பிவிட்டதா இல்லையா என்று நாளெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வீட்டில் கேள்வி மட்டுமே கேட்பவள். அவள் முதலில் கிளம்பிப் போனாள். பூட்டுக்காரர் கடைக்குப் புறப்படும் நேரத்தில் போன் வந்தது. ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் கழிவறைக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். பூட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மதியம் சாப்பிட வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பூட்டு, திறந்த வாயோடு நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி பூட்டிலேயே இருந்தது. உள்ளே போனார். டிவி இருந்த சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று மட்டும் இருந்தது.

அவர் செய்த முதல் காரியம், வாசலுக்குத் திரும்பி வந்து, பூட்டிலிருந்து சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுதான். அதற்கப்புறம்தான் "ஐயோ" என்றார்.

சத்தம் கேட்டு வாத்தியார் வந்தார். வாத்தியார் போலீசுக்குச் சொன்னார். வாத்தியாரின் அண்ணன் மகன் ஏதோ சேனலில் வேலை பார்க்கிறவன்; அவனுக்கும் சொன்னார். போலீசுக்கு முன்னால் சேனல் வந்துவிட்டது. மைக் பிடித்த பெண் ஒருத்தி, சின்னப் பெண்தான், மூச்சு வாங்க ஓடிவந்து கேட்டாள்: "சார், நீங்களே பூட்டு செய்யறவர். உங்க பூட்டை எப்படி சார் திறந்தாங்க?"

இதற்குச் சரியான பதில், 'நான் பூட்டவே இல்லைம்மா' என்பது. அது அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் தெருவே கூடி நின்றது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைவீதியில் அவர் கடைப் பலகையில் 'எங்கள் பூட்டு எங்களுக்கே திறக்காது' என்று எழுதியிருக்கிறது. தொண்டைக்கு வந்தது உள்ளே போய், வேறொன்று வெளியே வந்தது.

"இது சாதாரண ஆள் வேலை இல்லைம்மா. பூட்டுல ஒரு கீறல் கிடையாது. என் பூட்டை இப்படித் திறக்கணும்னா அவன் திருடன் இல்லை, கலைஞன்."

கீறல் இல்லை என்பது உண்மைதான். மைக் பெண்ணின் முகம் மலர்ந்தது. அன்று மாலைக்குள் அந்தக் கலைஞனுக்குச் சேனலில் பெயர் வைத்துவிட்டார்கள்: மாயக்கை.

வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "பூட்டினீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"பூட்டினீங்களான்னு கேட்டேன்."

"பூட்டாம போவேனா?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தால், அந்த ஆள் பேருந்தை விட்டுவிட்டார் என்பது ஜன்னலில் உட்கார்ந்து அவள் கற்றது. "சரி" என்றாள். அந்தச் சரி வீட்டுக்குள் ஒரு மூட்டையைப் போலக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிகிட்ட ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லியிருந்தேன், பாதித் திரை கருப்பா இருக்குன்னு. சொல்லி ரொம்ப நாளாச்சு. அவன் வந்து எடுத்திருப்பானோ? போன் போட்டா கிடைக்க மாட்டேங்குது" என்றாள். தம்பி என்று அவள் சொன்னது தங்கையின் கணவனை, பூட்டுக்காரருக்குச் சகலை. டிவி, ரேடியோ ரிப்பேர் செய்கிறவன்.

"பூட்டின வீட்டுக்குள்ள அவன் எப்படி வருவான்?" என்றார் பூட்டுக்காரர். ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக் கொடுத்தாயிற்று.

கடையில் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் அவர் பயந்தார். நடந்தது நேர்மாறு. அவர் பூட்டையே திறந்தவன் மற்றவர் பூட்டை விட்டு வைப்பானா என்று யோசித்து, ஜனங்கள் அவர் பூட்டையே இரண்டிரண்டாக வாங்கிப் போனார்கள். தெருச் சங்கம் கூட்டம் போட்டது. தெருமுனையில் இரும்புக் கேட், ஒரு காவலாளி, நாலு கேமரா என்று முடிவாயிற்று. அதுவரை நாய் படுத்திருந்த இடத்தில் கேட் எழும்பியது. சாயங்காலத்தில் வெளியே உட்கார்ந்து பேசுகிறவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுச் செய்தி பார்த்தார்கள். சேனலிலும் அதற்குப் பஞ்சமில்லை. எங்கோ எதுவோ காணாமல் போனாலும், 'இதுவும் மாயக்கை வேலையா?' என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் டிவியில் தினம் தன்னைத் திட்டுவதை எந்த நல்ல மனிதர் பொறுத்துக்கொள்வார்? இரும்புக்கடைக் கேமராவில், அன்று காலை முதுகில் மூட்டையோடு ஒரு ஆள் தெருவுக்குள் போவது பதிவாகியிருந்தது; அதற்கப்புறம் கரண்ட் போய்விட்டதால் வேறு யாரும் பதிவாகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

வாத்தியார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பூட்டுக்காரரும் பார்த்தார். தலையில் துணியைப் போட்டு மூடிய ஒரு ஆள். முன்னால் மேஜை. மேஜை மேல் ஒரு குறடு, வளைந்த ஊசி, கம்பிகள், ஒரு டிவி. துணி கொஞ்சம் விலகியது.

"நம்ம குடைக்காரர் மாதிரி இருக்கே!" என்றார் வாத்தியார்.

குடைக்காரரேதான். வருஷக்கணக்காக அந்தத் தெருவில் 'குடை ரிப்பேர்' என்று குரல் கொடுத்துப் போகிறவர். மூட்டையில் இருந்தது பழைய குடைகள். மேஜை மேல் மாயக்கையின் ஆயுதங்கள் என்று வைத்திருந்தவை குடைக்கம்பிகள்.

"பார்த்தீங்களா, நம்ம குடையை எல்லாம் இவன் கையிலயா கொடுத்தோம்!" என்று வாத்தியார் பதறினார். போன வாரம் வரை 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூட்டுக்காரர் மேஜை மேல் இருந்த டிவியைப் பார்த்தார். அது அவருடையதைவிடப் பெரியது. தேள் கொட்டிய திருடனைப் போலக் கம்மென்று உட்கார்ந்திருந்தார். இத்தனைக்கும் அந்த நேரத்தில் ஊரில் திருடன் என்று பெயர் வாங்கியவர் வேறொருவர்.

அடுத்த நாள் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

"இதானே உங்க டிவி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னுது கொஞ்சம் சின்னது சார்."

"பறிகொடுத்த வருத்தத்துல அப்படித்தான் தெரியும். இருக்கட்டும். இந்தக் கம்பியால உங்க பூட்டைத் திறக்க முடியுமா? நீங்கதான் சொல்லணும்."

மூலையில் தரையில் குடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. "அண்ணே," என்றார், "போன மழைக்கு உங்க வீட்டுக் குடைக்குக் கைப்பிடி மாத்திக் கொடுத்தேனே. என்னைத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? அந்தக் கம்பியால் பல் குத்தலாம்; பூட்டைத் திறக்க முடியாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். 'பின்னே எப்படித் திறந்தது?' என்ற அடுத்த கேள்வி இன்ஸ்பெக்டரின் முகத்திலேயே தெரிந்தது.

"திறமை இருந்தா எதை வச்சும் திறக்கலாம் சார்" என்றார் பூட்டுக்காரர்.

ஏட்டு அதை எழுதிக்கொண்டார். குடைக்காரர் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அதன்பின் பூட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டு விற்றது, தூக்கம் போனது. மனைவி காரணம் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைப்பாள், மிச்சத்தைப் பார்ப்பாள், 'சரி' என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வந்தான். தோளில் டிவி.

"பிடிங்க சகலை, கனக்குது. போர்டு போயிருந்துச்சு, மாத்திட்டேன். இப்ப முழுசா தெரியும். தெருமுனையில என்ன கேட்டு? அந்த ஆள் என்னை உள்ளயே விட மாட்டேன்னுட்டான். 'டிவியோட உள்ளே வர்றவன் திருடனாய்யா?'ன்னு கேட்டேன், யோசிச்சுட்டு விட்டுட்டான்."

பூட்டுக்காரர் டிவியை வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்படி எடுத்தே?" என்றாள் மனைவி. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"எப்படின்னா? இந்தப் பக்கம் வந்தேன், சாவி பூட்டுலயே தொங்குச்சு. சரி, நமக்காகத்தான் அக்கா வச்சுட்டுப் போயிருக்காங்கன்னு எடுத்துட்டேன்."

"பூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"திறந்து வச்ச வீட்டை நான் எதுக்குப் பூட்டணும்? பூட்டிட்டு சாவியை எங்க வைக்கறது? அன்னைக்கே போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. மறுநாள் துறைமுகத்துல கப்பல் ரேடியோ வேலைன்னு போயிட்டேன். நேத்துதான் வந்தேன்."

"நியூஸ் எதுவும் பார்க்கலையா தம்பி?"

"நாள் பூரா டிவியோட மாரடிக்கறவன் எவன் டிவி பார்ப்பான் அக்கா?"

மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்க. பூட்டினீங்களா?"

"இல்லை."

"சட்டையைப் போடுங்க."

மூன்று பேரும் டிவியோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தால், சோறு மட்டும் போதுமான அளவு இருந்தால் முடியும் என்று தோன்றியது.

"ஆக, திருட்டே நடக்கலைன்றீங்க."

"ஆமா சார்."

"ஆனா திருடன் கிடைச்சாச்சு. டிவியும் கிடைச்சாச்சு. மேலிடத்துல பாராட்டியாச்சு. உங்க டிவி அந்தா, பீரோ பக்கத்துல இருக்கு. அப்ப இவர் தோள்ல இருக்கறது யாரு டிவி?"

சகலை டிவியைத் தோள் மாற்றிக்கொண்டான். "சார், இதை இறக்கி வச்சா தப்பா, தூக்கிட்டே நின்னா தப்பா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"எனக்கு உங்க மேல கோபம் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர், பூட்டுக்காரரிடம். உண்மையிலேயே கோபமில்லாமல்தான் சொன்னார். "ஜனங்க பயந்து கிடந்தாங்க. இப்ப நிம்மதியா தூங்கறாங்க. அதைப் போய் கெடுக்கணுமா?"

"குடைக்காரர் வீட்டுல யாரும் தூங்கியிருக்க மாட்டாங்களே சார்" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். "கேஸ் கோர்ட்டுக்குப் போயாச்சும்மா. இனிமே என் கையில இல்லை."

வெளியே வந்தபோது ஏட்டு பின்னாலேயே வந்தார். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்குக் காலையில அவரைக் கோர்ட்டுல நிறுத்தறாங்க. அங்க போய் சொல்லுங்கம்மா. அந்த டிவி எங்க ஓய்வறை டிவி. மேட்ச் பார்க்க முடியாம நாங்களும்தான் கஷ்டப்படறோம்."

வீட்டுக்குப் போகிற வழியில் பூட்டுக்காரர் மைக் பெண்ணுக்கு போன் போட்டார். திருட்டு நடக்கவில்லை, அதைச் செய்தியில் சொல்லுங்கள் என்றார். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், திருட்டு நடந்தா செய்தி. நடக்கலைன்றதை எப்படி சார் போடறது? அது தினமும் எல்லா வீட்டுலயும்தானே நடக்கலை?"

மறுநாள் கோர்ட்டில் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. மாஜிஸ்திரேட் களைத்துப்போன ஒரு அம்மா. குடைக்காரருக்காக இலவச வக்கீல் ஒருவர் எழுந்து, பூட்டின் சொந்தக்காரரே பேச விரும்புகிறார் என்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீங்கதான் டிவியில வந்த பூட்டுக்காரரா?"

"ஆமாங்கம்மா."

"என்ன சொல்லணும்?"

"நான் வீட்டைப் பூட்டலைங்கம்மா. சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன். டிவியை என் சகலைதான் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனார். அந்தக் கம்பியால என் பூட்டை மட்டும் இல்லை, எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. திறக்கலாம்னு சொன்னது பொய்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி, கோர்ட் சிப்பந்தி வரைக்கும் வந்தது. பூட்டுக்காரரின் காது மடல் கொதித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்: கூண்டில் நின்ற குடைக்காரர், அவர் எதிரே சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண். குடைக்காரரின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏன் இதை முன்னாடியே சொல்லலை?" என்றார் மாஜிஸ்திரேட்.

"வெட்கமா இருந்துச்சுங்கம்மா."

மாஜிஸ்திரேட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அப்படியானால் கைப்பற்றிய டிவி யாருடையது என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த விசாரணை எந்த ஜன்னலில் நடந்ததோ தெரியாது. டிவி மட்டும் ஓய்வறைக்குத் திரும்பிவிட்டது. குடைக்காரரை அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

கோர்ட் வாசலில் மைக் பெண் நின்றிருந்தாள். இப்போது செய்தி கிடைத்துவிட்டது. 'பூட்ட மறந்த பூட்டுக்காரர்!' என்று, இந்தத் தடவை கோமாளி இசையோடு, நாள் முழுக்க ஓட்டினார்கள். பூட்டுக்காரர் தன் வீட்டிலேயே, முழுத் திரையில், தெளிவாகப் பார்த்தார். மாயக்கை என்று ஒருவன் இல்லவே இல்லை என்பதும், ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்தார் என்பதும் அதில் எங்கேயும் வரவில்லை. மனைவி எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

கடைக்குக் கூட்டம் வருவது நின்றது. வந்தவர்களும் "உங்க வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். ஒருநாள் குடைக்காரர் வந்து கடை வாசலில் நின்றார். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, என்னை மன்னிச்சுடுங்க" என்று எழுந்தார் பூட்டுக்காரர்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல குறடு" என்றார் குடைக்காரர். "என் சாமானெல்லாம் ஸ்டேஷன்ல கிடக்கு. கேட்டா, கேஸ் முடியலைன்றாங்க. கேஸே இல்லைன்னா எப்படி முடியும்?"

இருவரும் சேர்ந்து நடையாய் நடந்தார்கள். இன்று அதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள், நாளைக்குச் சாவி இல்லை. கடைசியில், சாமான் வைத்திருந்த அலமாரியின் சாவி தொலைந்துபோய், அதைத் திறக்க அவர்களே பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டி வந்தது. திறந்தார். ஏட்டு பையை எடுத்துக் குடைக்காரர் கையில் கொடுத்தார். "எண்ணிப் பார்த்துக்கோங்க, ஸ்டேஷன்ல திருட்டுப் போச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாது" என்றார். ஏட்டு மட்டும் சிரித்தார்.

சாமான் கிடைத்ததே தவிரத் தெரு கிடைக்கவில்லை. கேட்டில் காவலாளி குடைக்காரரை நிறுத்திவிட்டான். பூட்டுக்காரர் தெருச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, திருட்டே நடக்கவில்லை, கேட்டை எடுத்துவிடலாம் என்றார்.

"கேட் வந்த பிறகு ஒரு திருட்டு உண்டா?" என்றார் வாத்தியார்.

"இல்லை. ஆனா அதுக்கு முன்னாடியும் இல்லையே."

"அது அதிர்ஷ்டம். இது பாதுகாப்பு" என்றார் வாத்தியார், கணக்கை முடித்த திருப்தியோடு. எல்லோரும் தலையாட்டினார்கள். கேட் நின்றது.

ஆனால் மழை கேட்டைப் பார்த்து நிற்பதில்லை. மழைக்காலம் வந்ததும் கம்பி ஒடிந்த குடைகள் வீட்டுக்கு வீடு சேர்ந்தன. குடைக்காரர் கேட்டுக்கு வெளியே, இரும்புக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். கடைக்கு லீவு விட்ட நாட்களில் பூட்டுக்காரர் வீடு வீடாய்ப் போய்க் குடைகளை வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தார். தைத்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "நீங்க யார்கிட்டயும் என்னைப் பத்தி நல்லவர், வல்லவர்னு பேசாதீங்க" என்று குடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க பேசினாத்தான் எனக்கு ஆபத்து." ஆகவே பூட்டுக்காரர் பேசாமல் தூக்கினார். வாத்தியார் குடையை முதலில் கொடுக்கவில்லை. ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்தவர், மறுநாள் இரண்டாகக் கொடுத்தனுப்பினார்.

மழை ஓய்ந்த ஒரு மதியம் குடைக்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒரு பூட்டு வேணும். வீட்டுல அவ கேட்டுக்கிட்டே இருக்கா."

"எதுக்கு? என்ன ஆச்சு?"

"என்னைப் பிடிச்ச அன்னைக்கு வீட்டைச் சோதனை போட்டாங்க இல்லை? கதவைத் திறக்கறதுக்குள்ள உதைச்சுட்டாங்க. தாழ்ப்பாள் பிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து கயிறு கட்டித்தான் வச்சிருக்கோம்."

பூட்டுக்காரர் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போனார். ஒற்றை அறை வீடு. கதவில் பூட்ஸ் தடம் இன்னும் இருந்தது. தன் வீட்டில் ஒரு கீறல்கூட இல்லாதபோது வந்த கேமராக்களில் ஒன்றுகூட இந்தத் தெருப் பக்கம் வந்ததில்லை என்பது அவருக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிளந்த பலகையை இழைத்து, புதுத் தாழ்ப்பாள் வைத்து, கடையிலேயே நல்ல பூட்டாகப் பார்த்து எடுத்து வந்ததைப் பொருத்தினார். குடைக்காரரின் மனைவி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். தானே பூட்டிப் பார்த்தாள். தானே திறந்து பார்த்தாள்.

"இன்னொரு சாவி?" என்றாள்.

கொடுத்தார்.

"இன்னும் இருக்கா?"

"இல்லைம்மா. ரெண்டுதான்."

அவள் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். நின்றார். கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள். அது ஒழுங்காக விழுகிற சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.